எங்கள் பிள்ளைகள் பார்ப்பதையும் ஆடுவதையும் ஆய்வுக்கு எடுங்கள்

வவுனியாப் பல்கலைக்கழக மூதவையினருக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஊடகக் கற்கைகள் துறையினருக்கும்,

வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்தைப் படிப்பிக்கிறேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வன்னிப் பிள்ளைகள் போனில் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பகிர்கிறார்கள், எதை ஆடுகிறார்கள், யாருக்கு ரசிகராக இருக்கிறார்கள் என்பதை வன்னியிலேயே இருந்து, தமிழில், முறையாக ஆராயும் ஓர் இடம் எங்களுக்கு வேண்டும். அதை வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் தொடங்குங்கள். இந்தத் துறையில் அனுபவம் உள்ள யாழ்ப்பாணம் துணை நிற்கட்டும்.

2021 ஆகஸ்ட் 1 அன்று வவுனியா தனிப் பல்கலைக்கழகமானபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பவியல் கற்கைகள் என்ற பீடங்களோடு அது தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயமும் பொறியியலும் தொழில்நுட்பமும் இருக்கின்றன. இவை எல்லாம் எங்களுக்குத் தேவையானவை. ஆனால் ஊடகத்தைப் பட்டப்படிப்பாக எடுக்க விரும்பும் மல்லாவிப் பிள்ளையோ நெடுங்கேணிப் பிள்ளையோ ஆனையிறவைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் திருகோணமலைப் பக்கம் போகவேண்டும். அப்படிப் போனவர்கள் எங்கள் ஊரை ஆய்வுக்களமாக எடுத்துத் திரும்பி வருவது அரிது.

வகுப்பறையில் நாங்கள் படிப்பிப்பது என்ன? தொடர்பாடல் எப்படி நடக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்களான லாஸ்வெல் 1948 இலும் ஷனனும் வீவரும் 1949 இலும் தந்த மாதிரியுருக்கள். யார், எதை, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொன்னார் என்ற லாஸ்வெல்லின் கேள்வி நல்ல கேள்விதான். பிள்ளைகள் அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதுகிறார்கள். அதே கேள்வியைத் தங்கள் கையில் இருக்கும் போனைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினால்தான் அது உயிருள்ள பாடமாகும். அப்படிக் கேட்கவைக்க எனக்கு ஆய்வுகள் வேண்டும், எடுத்துக்காட்டுகள் வேண்டும், எங்கள் ஊர்த் தரவு வேண்டும். என் மேசையில் அவை இல்லை.

உதவி வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் இதை அறியாதவர் இல்லை. யூடியூப் நடத்தும் தம்பி ஒருவர் கமெராவோடு ஒரு வீட்டுக்குப் போகிறார். தகரக் கொட்டில், கணவனை இழந்த தாய், படிக்கிற வயதில் பிள்ளைகள். இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேட்கிறார். தாய் அழுகிறா. அந்த அழுகை வீடியோவின் முகப்புப் படமாகிறது. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் ஒருவர் மனம் கசிந்து பணம் அனுப்புகிறார். ஆடு வருகிறது, கோழிக்கூடு வருகிறது, சில குடும்பங்களுக்குக் கல்வீடே வருகிறது. அந்த உதவியை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். அரசும் நிறுவனங்களும் எட்டிப் பார்க்காத படலைகளுக்குள் அது போயிருக்கிறது.

ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை திங்கட்கிழமை வகுப்புக்கு வரும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்து முடித்திருப்பார்கள். பிள்ளையின் முகத்தை மறையுங்கள் என்று கேட்கத் தாய்க்குத் துணிவு வராது, உதவி நின்றுபோகுமோ என்ற பயம். பசியோடு இருப்பவர் கமெராவுக்கு முன் கொடுக்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுக்கலாமா? காணொளியால் வரும் வருமானத்தில் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டா? பத்து வருடம் கழித்து அந்தப் பெண்பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், கலியாணம் பேசும்போதும் அந்தக் காணொளி இருக்குமே, அதை அழிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு? ஜமேய்க்காவில் பிறந்து பிரித்தானியாவில் பணியாற்றிய ஸ்ருவர்ட் ஹோல் 1973 இல் ஒன்று எழுதினார்: செய்தியை ஆக்கியவர் வைத்த பொருள் அப்படியே பார்ப்பவரைப் போய்ச் சேர்வதில்லை, பார்ப்பவர் தான் நிற்கும் இடத்திலிருந்து அதை வாசிக்கிறார். ரொறன்ரோவில் இரக்கமாக வாசிக்கப்படும் வீடியோ விசுவமடு வகுப்பறையில் வெட்கமாக வாசிக்கப்படுகிறது. ஹோலின் கோட்பாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அந்தத் தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் காணொளி எடுக்கும் தம்பிமாரிடமும் பணம் அனுப்பியவர்களிடமும் முறையாகக் கேட்டுத் தொகுத்த ஒரு தமிழ் ஆய்வு இருந்தால், அடுத்த நாளே அதை வகுப்பில் வைத்துப் படிப்பிப்பேன். காணொளி எடுப்பவர்களும் அதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களில் பலர் நல்ல மனம் உள்ள இளைஞர்கள். ஒழுக்கநெறி என்று யாரும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்தது போனில் ஆடும் விளையாட்டு. இதில்தான் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். துவக்குச் சண்டை விளையாட்டுகளான ஃப்ரீ பயர் 2017 இலும் பப்ஜியின் கைபேசி வடிவம் 2018 இலும் வந்தன. கொரோனாக் காலத்தில் சூம் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய போன்களில் அவை ஏறின. இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜியையும் 2022 பெப்ரவரியில் ஃப்ரீ பயரையும் தடைசெய்தது. இங்கே பின்னேரத்தில் எந்தச் சந்தியில் போய் நின்றாலும், குனிந்த தலைகளோடு நாலைந்து பையன்கள் ஒரே ஸ்குவாட்டாக ஆடிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் போதை என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். 2019 இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் விளையாட்டுச் சீர்குலைவு சேர்க்கப்பட்டது உண்மை. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கும் வந்தது. ஆனால் அதே வரையறை என்ன சொல்கிறது? ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு போய், குடும்பமும் படிப்பும் தொழிலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அந்த நிலை வழமையாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அப்படி விழுந்த பிள்ளைகள் இங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியம் வேண்டும். வயல் வேலை முடித்து வந்து ஒரு மணித்தியாலம் ஆடுகிற பிள்ளையையும் அதே சொல்லால் அடித்தால், உண்மையில் தேவைப்படுகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளையாட்டு ஆய்வு என்ற துறை உலகத்தில் வளர்ந்துவிட்டது. நோர்வேயின் எஸ்பென் ஆர்செத் 2001 இல் அதற்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கி, கணினி விளையாட்டு ஆய்வின் முதலாம் ஆண்டு இதுதான் என்று எழுதினார். 2003 இல் ஆய்வாளர்களுக்கு ஒரு சர்வதேசச் சங்கம் உருவானது. தொடக்க காலத்தில் அவர்களுக்குள் நடந்த பெரிய வாதம், விளையாட்டைக் கதையாக வாசிப்பதா, விதிகளின் தொகுதியாகப் பார்ப்பதா என்பது. இந்த வாதம் எங்கள் வீடுகளில் தினமும் நடக்கிறது. தாய் பார்ப்பது கதையை: துவக்கு, குண்டு, சாவு. மகன் பார்ப்பது விதியை: வட்டம் எப்போது சுருங்கும், எந்தப் பக்கம் ஓடவேண்டும், அடிபட்டு விழுந்த கூட்டாளியை எழுப்ப நேரம் இருக்கிறதா. இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்து இரண்டு வேறு விஷயத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள்.

இந்த இடத்தில் வன்னியில் மட்டும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஆட்டங்களில் பாதுகாப்பான பகுதி ஒன்று உண்டு. நேரம் போகப் போக அது சுருங்கும், அதற்கு வெளியே நிற்பவர் சாவார். இறுதிப் போரின்போது, 2009 ஜனவரியில், பொதுமக்களுக்கென்று அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர். பெப்ரவரியில் புதுமாத்தளன் கரையோரமாக அறிவித்தது ஏறத்தாழ 14. மே மாதத்தில் ஏறத்தாழ 2. வலயத்துக்குள்ளும் செல் (எறிகணை) விழுந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடியவர்கள்தான் இன்றைக்கு என் மாணவர்களின் பெற்றோர். மாணவர்களோ அந்த நேரத்தில் கைக்குழந்தைகள், அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

"சோன் சுருங்குது, ஓடுங்கோடா" என்று மகன் கத்தும்போது பக்கத்து அறையில் இருக்கும் தாய்க்கு என்ன நடக்கிறது? அவ இரண்டையும் இணைத்துப் பார்க்கிறாவா? மகனுக்கு அந்தக் கதை தெரியுமா? ஒருவேளை ஒன்றுமே நடக்காமல் இருக்கலாம். சத்தத்தைக் குறை என்பதற்கு மேல் ஒன்றும் நினைப்பதில்லை என்று சொன்ன தாய்மாரும் எனக்குத் தெரியும். போனைப் பறித்து வீசிய தகப்பன்மாரும் தெரியும். எங்களில் சிலர் இதைப் பற்றி உடனே கவிதை எழுதிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போய் இருந்து, பொறுமையாகக் கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதவேண்டும். உளவியல் தெரிந்தவரும் ஊடகம் தெரிந்தவரும் சேர்ந்து, ஆய்வு நெறிக் குழுவின் கண்காணிப்போடு செய்யவேண்டிய வேலை இது. தவறாகக் கேட்டால் ஆறிய புண்ணைக் கிளறியதாகிவிடும். தூரத்தில் இருந்து வந்து ஒரு கிழமையில் பேட்டி எடுத்துப் போகிறவர்களால் இது முடியாது. அதனால்தான் பம்பைமடுவைக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் உங்கள் முன் வைக்கிறேன். போலந்து நிறுவனம் ஒன்று 2014 இல் திஸ் வோர் ஒஃப் மைன் என்ற விளையாட்டை வெளியிட்டது. பொஸ்னியப் போரில் நடந்த சரயேவோ நகர முற்றுகையை நினைவில் வைத்துச் செய்தது. அதில் ஆடுகிறவர் போர்வீரன் இல்லை, முற்றுகைக்குள் அகப்பட்ட பொதுமக்கள். சாப்பாடு, மருந்து, விறகு தேடி ஒவ்வொரு நாளையும் கடக்கவேண்டும். யாருக்கு மருந்து கொடுப்பது, யாரை விடுவது என்று முடிவெடுக்கவேண்டும். 2020 இல் போலந்து அரசு அதை உயர்தரப் பாடசாலை மாணவர்களின் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. பதுங்குகுழியையும் கஞ்சி வரிசையையும் அப்படி ஒரு விளையாட்டாக ஆக்கலாமா, கூடாதா? எனக்கு இதில் பெரிய தயக்கம் இருக்கிறது. ஆனால் பம்பைமடுவில் நிரல் எழுதப் படிக்கும் மாணவரும், ஊடக மாணவரும், உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் ஒன்றாக இருந்து பேசவேண்டிய கேள்வி அது. வெளியில் இருந்து யாரோ எங்களைக் கேட்காமல் செய்து விற்கும் முன் நாங்கள் பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

காசு விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீ பயர் போன்ற ஆட்டம் இலவசம். ஆட்டத்துக்குள் செலவழிக்கும் டயமண்ட் வாங்கி உடுப்பும் துவக்கின் நிறமும் மாற்றக் காசு. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கட்டித் திறக்கும் பெட்டிகளைப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 இல் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. கூலி வேலை செய்யும் தகப்பனின் ரீலோட் காசு அங்கே எவ்வளவு போகிறது என்பதை வியாபாரக் கற்கைகள் பீடமே ஆராயலாம், புதுத் துறை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ரசிகர்களை ஆராய்வதற்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியை நினைவூட்டுகிறேன். சினிமா என்றாலே படித்தவர்கள் தள்ளி நின்ற காலத்தில், தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடலின் ஊடகமாக எடுத்து 1981 இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் அவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சொந்த மரபு அது. அந்த வேலையை இன்றைக்குத் தொடர்ந்து செய்ய எவ்வளவோ இருக்கிறது. நடிகர் விஜய் 2024 பெப்ரவரியில் கட்சி அறிவித்தார், ரசிகர்களின் இயக்கம்தான் அதன் அடித்தளம். அங்கே வாக்கே இல்லாத எங்கள் பையன்கள் அந்தக் கட்சிக்காகப் பேஸ்புக்கில் இரவிரவாக வாதாடுகிறார்கள். அதே பையனிடம் உன் பிரதேச சபைத் தவிசாளர் யார் என்று கேட்டால் யோசிப்பான். அவனைத் திட்டுவது சுலபம். சொந்த ஊர் அரசியல் தராத எதை அந்த ரசிகர் கூட்டம் அவனுக்குத் தருகிறது என்று கேட்பதுதான் ஆய்வு. நடிகரின் பிறந்தநாளுக்கு அதே பையன்கள் காசு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்கிறார்கள், இரத்ததானம் செய்கிறார்கள். உலகக்கிண்ணக் காலத்தில் ஆர்ஜென்ரீனாவுக்கும் பிரேசிலுக்கும் கொடி கட்டுகிறவர்களும் அவர்கள்தான்.

ரசிகர் வெறுமனே வாங்கிக்கொள்பவர் இல்லை, எடுத்துத் தனக்கேற்ப மாற்றிச் செய்பவர் என்று அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 1992 இல் எழுதினார். வன்னியில் இது புதிய செய்தி இல்லை. வற்றாப்பளை அம்மனின் அயலில் கோவலன் கூத்து ஆடும்போது, முன்னால் பாயில் இருக்கும் வயதானவர்கள் பாட்டைக் கூடவே பாடி, அடி பிசகினால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். கூத்து இரசிகரிலிருந்து டிக்டொக் இரசிகர் வரை ஒரு தொடர் ஆய்வு செய்யக் கூடிய ஊர் இது.

இனிச் செய்தித்துறைக்கு வருகிறேன். இதுதான் மிக அவசரமானது, தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. மின்சாரம் இல்லாமல், பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் பத்திரிகை அச்சாகியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜெனரேற்றரில் மினி சினிமா ஓடியது. ஈழநாதம், புலிகளின் குரல், 2005 இல் தொடங்கிய தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி எல்லாம் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் ஊடகங்கள். அவை எதைச் சொன்னன, எதைச் சொல்லாமல் விட்டன, மக்கள் அவற்றை எந்த அளவுக்கு நம்பினார்கள் என்பதைத் துதிபாடாமலும் பயப்படாமலும் எழுதவேண்டும். 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி நிலையம் மீது நடந்த விமானத் தாக்குதலில் அங்கு வேலை செய்தவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். ஓர் ஊடகம் ஒரு தரப்பின் பிரசாரக் கருவியாக இருந்தால் அதில் வேலை செய்பவர் தாக்குதலுக்குரிய இலக்கா என்ற கேள்வியைச் சர்வதேசச் சட்டமும் ஊடகக் கற்கையும் சேர்ந்து கேட்கின்றன. அந்தக் கேள்வியை அந்தக் கட்டடம் இருந்த ஊரில் வைத்துப் படிப்பிக்க எங்களுக்கு இடம் இல்லை.

2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் அரசின் உத்தரவால் வன்னியை விட்டுப் போயின. சுதந்திர ஊடகங்களுக்கும் அனுமதி இல்லை. அதன் பிறகு உள்ளே நடந்ததை உலகத்துக்குக் காட்டியவர்களில் உள்ளூர்ச் செய்தியாளர்கள் முக்கியமானவர்கள். 2009 பெப்ரவரி 12 அன்று செல் வீச்சில் இறந்த புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி அவர்களில் ஒருவர். உயிர் தப்பிய அச்சகத் தொழிலாளர்கள், செய்தி வாசித்தவர்கள், பத்திரிகை விற்றவர்கள், கமெரா தூக்கியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களின் வாய்மொழியைப் பதிந்து, பெயரை வெளியிடலாமா கூடாதா என்று அவர்களையே கேட்டு, பாதுகாப்பாக வைக்கும் ஆவணக் காப்பகம் ஒன்றை நடத்தப் பல்கலைக்கழகத்தால் மட்டும்தான் முடியும். தனி ஆளாக ஓர் ஆசிரியர் இதைச் செய்தால், ஏன் எடுக்கிறாய், யாருக்கு எடுக்கிறாய் என்ற விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டே காலம் போய்விடும்.

இன்றைக்கு இருக்கும் பிரதேச நிருபர்களின் நிலையும் உங்களுக்குத் தெரிந்ததே. பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. 2020 ஒக்டோபரில் முறிப்புப் பகுதியில் சட்டவிரோத மரம் வெட்டலைப் பற்றிச் செய்தி எடுக்கப் போன இரண்டு ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டும்போது மனித எச்சங்கள் வெளிப்பட்டபின், அகழ்வு நடந்த நாட்களில் வெயிலில் நின்று பதிந்தவர்களில் இந்த நிருபர்களும் இருந்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தது, இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இல் வந்தது. முதலாவதைப் பயன்படுத்தவும் இரண்டாவதில் மாட்டாமல் இருக்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பட்டம் தேவையில்லை, வார இறுதி வகுப்பே போதும்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. செய்தி சரிபார்ப்பு, காணொளித் தயாரிப்பு, விளையாட்டு வடிவமைப்பு எல்லாவற்றிலும் வேலை உண்டு என்பது உண்மை, ஆனால் வேலையைக் காட்டி மட்டும் இந்தப் படிப்பை நான் கேட்கவில்லை. மாரி மழைக்கு இரணைமடுக் குளம் உடைக்கப்போகிறது என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தால், கீழே இருக்கும் கிராமங்கள் இரவோடு இரவாக எழும்பி ஓடுகின்றன. 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் ஓடாமல் என்ன செய்வார்கள்? அந்தக் குரல்பதிவு எங்கிருந்து வந்தது, ஏன் நம்பப்பட்டது, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தல் ஏன் அதற்குப் பின்னால் வந்தது என்று தெரிந்துகொள்வது ஒரு கிராமத்தின் தேவை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, ஒரு பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குப் புதுக்குடியிருப்பில் ஃப்ரீ பயர் ஆடும் இளைஞர்களின் நட்பு வட்டங்களை எடுக்க விரும்பினாள். வேறு நல்ல தலைப்பைக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பத்திரிகைத் தலையங்கங்களை எண்ணி ஓர் ஆய்வு எழுதிப் பட்டம் வாங்கினாள். அவளுக்குத் தெரிந்த அந்தக் களம் எழுதப்படாமலே போய்விட்டது. அவள் சேர்ந்து ஆடியவர்களில் பாதிப் பேர் இப்போது வெளிநாட்டில்.

ஒரே நாளில் ஒரு பீடத்தைக் கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை என்பது எனக்கும் தெரியும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, ஆளணி, கட்டடம் என்று வருடங்கள் போகும். அதுவரைக்கும் செய்யக்கூடியவை இருக்கின்றன. யாழ்ப்பாணத் துறையின் மாணவர்களுக்கு வன்னியில் களப்பணிக் காலம் ஒன்றைக் கட்டாயமாக்கலாம். பம்பைமடுவில் ஒரு அறையை வாய்மொழிக் காப்பகத்துக்கு ஒதுக்கலாம். கணினி மாணவரும் ஊடக மாணவரும் சேர்ந்து செய்யும் ஆய்வை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்ளலாம். எதைச் செய்தாலும், முடிவுகளை ஆங்கில ஆய்விதழில் போடுவதோடு நிறுத்தாமல் தமிழிலும் எழுதி, எந்த ஊரில் கேட்டீர்களோ அந்த ஊர் மண்டபத்தில் வைத்து வாசியுங்கள். பேட்டி கொடுத்த தாய் தான் சொன்னது என்னவாயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் அங்கே இருக்கவேண்டும்.

உங்கள் அடுத்த மூதவைக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். பாடத்திட்ட வரைவுக்கு ஆசிரியர்கள் தேவையென்றால் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் இந்தப் பாடம் எடுப்பவர்களைக் கூப்பிடுங்கள். சனி, ஞாயிறு என்றாலும் வருவோம்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்தின் ஊடகக் கற்கை ஆசிரியர் ஒருவர்